தெப்பத்தின் அடி

மூழ்கிப் பதினெட்டு நாளாகியும்
அதைத் தெப்பம் என்றுதான் சொல்கிறோம்.

டான்யூப் கடலைத் தொடுமுன்
சோம்பல் முறிக்கும் சதுப்பில்,
எட்டு மீட்டர் ஆழத்தில்,
ஆறுக்கு மூன்று மீட்டர் இரும்பு.
டிராக்டர்களையும் ஒருமுறை ஒரு மணப்பெண்ணையும்
அக்கரை சேர்த்தது.
இப்போது சேற்றில் வயிறு பதித்துப்
படுத்திருக்கிறது.

எடை ஒன்பது டன்.
நீருக்குள் எட்டுக்கும் சற்றுக் குறைவு.
திமொஃபெயின் பாரந்தூக்கி இருபது இழுக்கும்.
கணக்குச் சரி.
இழுத்தோம்.
எங்கள் மிதவைதான் மூக்கைத் தாழ்த்தியது.
கம்பிவடம் முனகியது.
கீழே ஒன்றும் அசையவில்லை.

"தண்ணீர் தாங்கும் என்பார்களே,
இந்த ஆறு மட்டும் ஏன் தாங்கவில்லை?"
என்றான் அர்த்தமோன். தெப்பத்தை ஓட்டியவன்.
கரையில் இப்போதெல்லாம்
தீப்பெட்டிகூட யாரும் அவனிடம் கேட்பதில்லை.

ஸம்ஃபிரா முக்குளிப்பவள்; அதிகம் பேசமாட்டாள்.
மெழுகுத்துணி விரித்த மேசையிலிருந்து
தேநீர்க் கிளாஸைத் தூக்கினாள்.
ஈர அடி விடவில்லை.
துணியும் கூடவே எழுந்தது,
ரொட்டித் துணுக்குகளோடு.

"தண்ணீருக்குத் தாங்கத் தெரியாது.
அழுத்தத்தான் தெரியும், எல்லாப் பக்கமும்.
ஆழம் கூடினால் அழுத்தம் கூடும்.
அதனால் அடியிலிருந்து வருவது
மேலிருந்து வருவதைவிடக் கொஞ்சம் அதிகம்.
அந்தக் கொஞ்சம்தான் மிதப்பு.
அடியில் தண்ணீரே இல்லை என்று வை..."

தலைமேல் மட்டும் ஆறு.
சதுர மீட்டருக்கு எட்டு டன்.
பதினெட்டுச் சதுர மீட்டர்.
செய்தித்தாள் ஓரத்தில் பெருக்கிப் பார்த்த திமொஃபெய்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

நான் அவள் கயிற்றைப் பிடிப்பவன்.
ஒரு இழுப்பு: நலம்.
இரண்டு: கயிறு விடு.
மூன்று: மேலே எடு.
நான்கைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நீர்பீய்ச்சும் குழாயோடு இறங்கினாள்.
கீழே இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது,
பழுப்பு, கண்ணாடியை ஒட்டிய பழுப்பு.
விரலால் விளிம்பைத் தேடி
ஒரு மூலையில் மட்டும் குடைந்தாள்.
கதவைக் கோபத்தோடு உள்ளிருந்து
ஒருவன் பிடித்திருப்பதுபோல் இருந்ததாம்.
தள்ளத் தள்ள இறுகுமாம்.

மூன்று இழுப்பு.
உதடு நீலம் பாரித்து ஏறி வந்தவள் சொன்னாள்:
"பாதி விசையில் இழுத்து வை.
கூட்டாதே. விடாதே.
சேற்றுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது.
அது வரும். அதற்கு நம் அவசரம் கிடையாது."
போர்த்திக்கொண்டு தூங்கிப்போனாள்.

நவம்பர் இரவு.
நாணலில் ஏதோ ஒன்று நீந்திக் கடந்தது.
திமொஃபெய் நெம்புகோலில் கைவைத்தபடியே குறட்டைவிட்டான்.
அர்த்தமோன் உட்கார்ந்திருந்தான்,
நாடி பார்ப்பவனைப்போல வடத்தில் இரண்டு விரல் வைத்து.
மூன்று மணி இருக்கும்.
"மூடியைத் திறந்து வைத்தது நான்தான்,"
என்றான், ஆற்றைப் பார்த்து.
நான் கயிற்றை எண்ணுவதுபோல
ஏற்கெனவே எண்ணிய கயிற்றை எண்ணினேன்.

நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடம்.
முதலில் நாற்றம்.
பிறகு ஒரு குமிழி, தனியாக.
பிறகு அடுப்பில் கூழ் கொதிப்பதுபோல்.
அப்புறம் சத்தமே இல்லாமல்
வடம் தொய்ந்தது.
மிதவை துள்ளி எழ
திமொஃபெயின் மீன்சூப்புச் சட்டி ஆற்றில் விழுந்தது.
அதற்காக அவன் திட்டிய திட்டில்தான்
ஸம்ஃபிரா விழித்தாள்.

விடியலில் தெப்பம் வடத்தில் தொங்கியது,
வயிற்றில் கறுத்த சேறு,
சேற்றில் ஒரு ஆற்றுநண்டு,
நடந்ததெல்லாம் தன் வேலையில்லை என்பதுபோல்.
அர்த்தமோன் அதைப் பிடித்துத் தண்ணீரில் விட்டான்.

எவ்வளவு நீர் அடியில் புகுந்திருக்கும்?
ஒரு வாளியா? ஒரு கிளாஸா?
கேட்டேன்.
அவள் தோளைக் குலுக்கிவிட்டு
மேசைக்குப் போய்
ஒட்டியிருந்த கிளாஸை
ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.